வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கிறார்கள், தோட்டத்தை யார் பார்க்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய குடியிருப்புத் திட்டங்களுக்குக் கட்டட வரைபடத்தோடு தோட்ட வரைபடமும் பாசன வரைபடமும் கொடுத்தால்தான் அனுமதி என்கிற விதியைக் கண்டித்து வாசகர் ஒருவர் உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். நாலு செடி வைக்கவும் ஒரு பைப் இழுக்கவும் முத்திரை எதற்கு, இருக்கிற அலைச்சல் போதாதா என்பது அவர் கேள்வி. கட்டுமானத் தொழிலில் இருப்பவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அவர் சொல்லும் அந்தப் பைப்பை இழுக்கிறவள் நான். புதுக் கட்டடங்களுக்குத் தோட்டப் பாசனம் வடிவமைத்துப் பதித்துக் கொடுப்பது என் தொழில். மற்றவர்கள் பதித்துவிட்டுப் போனதைத் தோண்டிச் சரிசெய்வது அதே தொழிலின் இன்னொரு பாதி. அந்தப் பாதியில் எனக்கு வேலை குறைந்ததே இல்லை.

அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அனுமதி கேட்டுப் போகும்போது அதிகாரிகள் கேட்கிற தாள்கள் கொஞ்சநஞ்சமல்ல. செடிகளின் தாவரவியல் பெயர், எண்ணிக்கை, மரம் வளர்ந்தபின் விரியும் அகலம், வண்ணம் தீட்டிய வரைபடம், அதற்கு மூன்று பிரதி. கொடுத்த பிறகு அதை ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வேறொரு மனைக்குப் போட்ட வரைபடத்தில் திட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி ஒப்புதல் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். வடக்கு காட்டும் அம்புக்குறியைத் திருப்பக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நிழலில் வளர வேண்டிய செடியெல்லாம் மேற்கு வெயிலில், வெயில் கேட்கும் புல் கட்டட நிழலில். முத்திரை விழுந்துவிட்டது, வேலையும் அப்படியே நடந்தது. இப்படிப்பட்ட அனுமதி வெறும் கண்துடைப்பு என்றால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால், அனுமதியே வேண்டாம் என்கிற இடத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. பாசனம் என்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று மட்டும் நினைப்பதால் வருகிற பேச்சு அது. ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பல திட்டங்களில் தோட்டத்துக்கான இணைப்பும் குடிநீர்க் குழாயும் ஒரே லைனிலிருந்து பிரிகின்றன. தெளிப்பானின் தலை சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறது. அதே குழாயில் சிலர் உரக்கரைசலையும் கலந்து விடுகிறார்கள். எங்கோ பிரதான குழாய் உடைந்தோ, தீயணைப்புக்குத் தண்ணீர் இழுத்தோ லைனில் அழுத்தம் சட்டென்று விழுந்தால், தோட்டக் குழாயில் நிற்கும் நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குடிநீருக்குள் போகும். இதைத் தடுக்கத்தான் பின்னோட்டத் தடுப்பான். அதில் காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை முறிக்கும் வகைகளை, அந்த லைனின் மிக உயரமான தெளிப்பானைவிட மேலே பொருத்த வேண்டும். கருவியின் வகையைப் பொறுத்து குறைந்தது 15 செ.மீ. அல்லது 30 செ.மீ. உயரம். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கும். தரையில் போய்ப் பார்த்தால், பித்தளைக் குழாய் நீட்டிக்கொண்டு நின்றால் முகப்பின் அழகு கெடுகிறது என்று சொல்லி அதை இறக்கி, புதருக்குப் பின்னால் ஒரு குழியில் ஒளித்து வைத்திருப்பார்கள். குழியில் தண்ணீர் நின்றால் அந்தக் கருவி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இதை அனுமதி இல்லாமல் விட்டுவிடலாம் என்று அந்த வாசகர் சொல்வாரா?

அடுத்தது தண்ணீரின் அளவு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்றால் 1 லிட்டர். கணக்கு இவ்வளவு எளிது, ஆனால் இதைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 400 சதுர மீட்டர் புல்தரை, நாளொன்றுக்கு வெயிலும் காற்றும் எடுத்துக்கொள்ளும் அளவு 5 மி.மீ., அதில் அந்தப் புல்லின் தேவை 0.8 பங்கு என்று வைத்தால், வேருக்குப் போய்ச்சேர வேண்டியது 1,600 லிட்டர். பாசன அமைப்பின் திறன், அதாவது விடுகிற நீரில் வேருக்குப் போய்ச்சேரும் பங்கு, 80 சதவீதம் என்றால் 2,000 லிட்டர் விட வேண்டும். திறன் 60 சதவீதம் என்றால் ஏறத்தாழ 2,667 லிட்டர். வித்தியாசம் மழையில்லாத ஒரு மாதத்தில் 20,000 லிட்டர். செடி மாறவில்லை, பரப்பு மாறவில்லை, தெளிப்பான்களை எப்படி வைத்தார்கள் என்பது மட்டும்தான் மாறியது. அந்த 20,000 லிட்டருக்குப் பணம் கட்டப்போவது கட்டியவர் அல்ல, குடிவந்தவர்கள். அதுவும் அந்தக் குழாய் மண்ணுக்குள் இருக்கிறவரை, ஒவ்வொரு கோடைக்கும்.

வரைபடத்தில் தெளிப்பானுக்குத் தெளிப்பான் 4 மீட்டர் என்று இருக்கும். ஒரு தெளிப்பானின் வீச்சு அடுத்த தெளிப்பானின் அடி வரை போக வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. பதிக்கும்போது எண்ணிக்கையைக் குறைக்க, நாலை ஐந்தரையாக இழுத்து விடுவார்கள். நடுவில் ஒரு காய்ந்த திட்டு விழும். அந்தத் திட்டைப் பச்சையாக்க ஓடும் நேரத்தைக் கூட்டுவார்கள். மற்ற இடமெல்லாம் சொதசொதவென்று ஆகும். இன்னொன்று, அழுத்தம். சாதாரணத் தெளிப்புத் தலைக்கு ஏறக்குறைய 2 பார் போதும் (அழுத்தத்தை அளக்கும் அலகு பார்). பம்பிலிருந்து நேராக 4, 5 பார் கொடுத்தால் தண்ணீர் துளியாக விழாமல் புகையாகக் கிளம்பும். குடிவந்தவர்கள் அதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்பார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும், ஏனென்றால் அந்தப் புகையில் பாதி தோட்டத்துக்கு வருவதே இல்லை. வால்வுக்கு ஒரு அழுத்தச் சீராக்கி வைத்தால் தீர்ந்தது. செலவைக் குறைக்க, வாங்கும் பட்டியலில் முதலில் அடித்துப் போடுகிற பொருளும் அதுதான்.

மண்ணைப் பற்றி யாருமே எழுதுவதில்லை என்பதால் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கட்டட வேலை நடந்த மனையில், தோட்டத்துக்கென்று விட்ட இடம்தான் அத்தனை நாளும் கம்பி அடுக்கிய இடம், ஜல்லி கொட்டிய இடம், லாரி திரும்பிய இடம், கலவை இயந்திரத்தைக் கழுவிவிட்ட இடம். வேலை முடிந்ததும் அதன்மேல் ஒரு சாண் செம்மண்ணைப் பரப்பி, புல் பாயை விரித்து விடுகிறார்கள். கடப்பாரையைப் போட்டால் முதல் குத்துக்கு மெத்தென்று இறங்கும். இரண்டாவது குத்துக்கு ‘ணங்’ என்று நிற்கும். தோண்டினால் உறைந்த சிமெண்ட் பால், உடைந்த டைல்ஸ், கட்டுக்கம்பித் துண்டு, சிமெண்ட் சாக்கு. நட்ட மரம் அந்த ஒரு சாணுக்குள் வேரைச் சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டு, மூன்றாவது கோடையில் நுனியிலிருந்து காயும். நர்சரிக்காரர் கொடுத்த கன்று சரியில்லை என்று பழி அங்கே போகும்.

இறுகிய மண்ணில் வேர் நுழையாது என்பதற்கு அளவு இருக்கிறது. ஒரு கன செ.மீ. உலர்ந்த மண்ணின் எடை, களிமண்ணாக இருந்தால் 1.47 கிராமுக்கு மேல், மணலாக இருந்தால் 1.8 கிராமுக்கு மேல் போனால் வேர் வளர்ச்சி முட்டிப்போகும். தண்ணீரும் இறங்காது. இறுகாத களிமண்ணே மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரைதான் உறிஞ்சும். சாதாரணத் தெளிப்பான் மணிக்கு 35, 40 மி.மீ. கொட்டும். மிச்சமெல்லாம் நடைபாதையில் ஓடி வடிகாலுக்குப் போகிறது. இதற்கு வழி உண்டு. நாலைந்து நிமிடம் விட்டு, நிறுத்தி, இறங்க விட்டு, மறுபடி விட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் மண்ணைக் கிளறி, குப்பையை அள்ளி, மட்கிய உரம் கலந்திருக்க வேண்டும். இது நடந்ததா என்று எந்த அனுமதித் தாளும் கேட்பதில்லை. மண் பரிசோதனை கேட்கிற இடங்களிலும், வேலை தொடங்குவதற்கு முன் எடுத்த மண்ணின் சான்றிதழைக் கொடுத்தாலே போதும் என்று இருக்கிறது. கட்டடம் கட்டும் முன் அங்கே நல்ல மண் இருந்தது என்பதை யார் மறுத்தார்கள்?

உலகத்தில் இதைச் செய்து பார்த்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நீர்ச் சிக்கனத் தோட்டங்களுக்கென்று ஒரு மாதிரிச் சட்டவிதி இருக்கிறது. கடும் வறட்சியின் நடுவே 2015-இல் அதை இறுக்கித் திருத்தினார்கள். புதிய கட்டுமானத்தில் தோட்டப் பரப்பு 500 சதுர அடியோ அதற்கு மேலோ இருந்து, அந்த வேலை அனுமதி வாங்க வேண்டிய வகையாகவும் இருந்தால் விதி பொருந்தும். ஒரு பசும்புல்வெளியின் நீர்த்தேவையை 1 என்று வைத்துக்கொண்டு, வீடுகளின் தோட்டத்துக்கு மொத்தத்தில் 0.55, மற்றக் கட்டடங்களுக்கு 0.45 என்று உச்ச வரம்பு போட்டிருக்கிறார்கள். அதற்குள் எந்தச் செடி வைப்பது என்பது அவரவர் விருப்பம். 10 அடிக்குக் குறைவான அகலமுள்ள பட்டையில் மேலிருந்து தெளிக்கும் பாசனம் கூடாது. நடுவதற்கு முன் இறுகிய மண்ணைப் பொலபொலப்பாக்க வேண்டும். செடிகளைச் சுற்றி மண் காயாமல் இருக்க மரத்தூள், சருகு போன்றவற்றால் 3 அங்குல மூடாக்கு வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வேலை முடிந்தபின் பாசனத்தை ஓட்டிப் பார்த்துத் தணிக்கை செய்ய வேண்டும், அந்தத் தணிக்கையை அதே தோட்டத்தை வடிவமைத்தவரோ பதித்தவரோ செய்யக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களை நம்பாதே என்று சட்டம் சொல்கிறது. நான் அதில் வருத்தப்படவில்லை. என் வேலையை நானே பார்த்து நானே சான்று கொடுத்தால் அதற்கு என்ன மதிப்பு?

சிறு மனைக்காரர்களுக்கு இது சுமை என்று சொல்லலாம். அதே விதியில் அதற்கும் இடம் இருக்கிறது. தோட்டப் பரப்பு 2,500 சதுர அடிக்குள் இருந்தால் நீண்ட கணக்குகள் வேண்டாம். இன்னின்னதைச் செய்தால் போதும் என்கிற ஒரு சுருக்கமான பட்டியலைப் பின்பற்றினால் அனுமதி. வீட்டுக்காரர் தானே படித்துப் புரிந்துகொள்ளலாம்.

பக்கத்து மாநிலமான நெவாடா இன்னும் ஒருபடி போய், 2021-இல் ஒரு சட்டம் போட்டது. தனி வீடுகள் தவிர்த்த மற்ற இடங்களில், அலங்காரத்துக்கு மட்டும் கிடக்கும் புல்லுக்குக் கொலராடோ ஆற்று நீரை 2027 முதல் விடக் கூடாது. புல் வெட்டுகிறவரின் கால் மட்டுமே படுகிற புல் என்றால் அதற்கு ஆற்றுத் தண்ணீர் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் செடியின் வகையைத் தடைசெய்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. குழந்தைகள் உருண்டு விளையாடும் புல்தரையையும், நுழைவாயிலில் பார்வைக்கு விரித்த பாயையும் பிரிப்பது எழுத்தில் சுலபம், மேஜையில் உட்கார்ந்திருப்பவர் கையில் சிக்கல். அளவு வைத்துக் கேட்டால் வாக்குவாதத்துக்கு இடம் குறைவு.

இப்போது அந்தத் தணிக்கை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இழுத்தடிப்பு என்ற பேச்சுக்கு அதுவே பதில். புல்தரையில் ஒரே அளவான 24 கிண்ணங்களைச் சீரான இடைவெளியில் வைக்க வேண்டும். காற்று அடங்கியிருக்கும் காலை நேரம் நல்லது. தெளிப்பானைப் பத்து நிமிடம் ஓட விட்டு நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கிண்ணத்திலும் விழுந்த நீரை அளவுக் குடுவையில் ஊற்றிக் குறிக்க வேண்டும். மிகக் குறைவாக விழுந்த ஆறு கிண்ணங்களின் சராசரியை, 24-இன் சராசரியால் வகுத்தால் ஒரு எண் வரும். நன்றாக அமைத்த இடத்தில் 0.7-ஐத் தொட முடியும். மொத்தச் சராசரி 20 மி.லி., குறைந்த ஆறின் சராசரி 9 மி.லி. என்றால் 0.45. அந்த ஆறு இடத்துப் புல்லும் பிழைக்க வேண்டுமென்றால் மொத்தத் தோட்டத்துக்கும் இரண்டு மடங்குக்கு மேல் விட வேண்டும் என்று அர்த்தம். கூடவே அழுத்தமானியை ஒரு தலையில் மாட்டிப் பார்ப்பது, ஒவ்வொரு வால்வாகத் திறந்து எது எங்கே ஓடுகிறது என்று நடந்து பார்ப்பது, இரண்டு மூன்று இடத்தில் கம்பியை இறக்கி மண் எவ்வளவு ஆழத்துக்குப் பொலபொலப்பாக இருக்கிறது என்று பார்ப்பது. நடுத்தரமான ஒரு குடியிருப்புக்கு அரைநாள் வேலை. வரைபடம் சரியாக இருக்கிறது என்பதற்காக லிஃப்டை ஓட்டிப் பார்க்காமல் யாராவது சான்று கொடுப்பார்களா? பாசனத்துக்கு மட்டும் தாளைப் பார்த்தே கொடுத்துவிடுகிறார்கள்.

கட்டுநர்களின் பக்கமும் எனக்குத் தெரியும். தோட்டம் என்பது எந்தத் திட்டத்திலும் கடைசி வேலை. அதற்குள் கையிருப்புக் கரைந்திருக்கும், சாவி கொடுக்கும் தேதி கழுத்துக்கு வந்திருக்கும். “எப்படியாவது பச்சையாக்கிக் காட்டுங்கள்” என்று என்னிடம் சொல்வார்கள். பச்சையாக்கிக் காட்டுவது கஷ்டமே இல்லை. நிறையத் தண்ணீர் விட்டால் எந்தக் குப்பைமேட்டிலும் கொஞ்ச நாளைக்குப் பச்சை நிற்கும். கஷ்டம் அதற்குப் பிறகு. புதிதாக நட்ட செடிக்கென்று கன்ட்ரோலரில் வைத்த தினசரி நேரம் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடும், மழை பெய்யும்போதும். மழை உணரி இருக்கும், ஆனால் கம்பி இணைத்திருக்காது. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் ஒரு சாவிக்கொத்தும் கட்டடத்தின் வரைபடமும் போயிருக்கும். எந்த வால்வு எங்கே என்று காட்டும் தாள் போயிருக்காது. ஒரு கசிவைத் தேடி நடைபாதைக் கற்களை வரிசையாகப் பெயர்த்துக்கொண்டே போய், கடைசியில் வால்வுப் பெட்டியை வாகனம் நிறுத்தும் இடத்துத் தளத்துக்கு அடியில் கண்டுபிடித்த அனுபவம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. மேலே கார் நிற்கும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். முன்னால் கேட்கிற தாள்களைக் குறையுங்கள். செடிப் பட்டியலும் வண்ணப்படமும் வேண்டாம். நீர் எங்கிருந்து வருகிறது, ஆண்டுக்கு எத்தனை லிட்டர் வரம்பு, ஒரே அளவு தண்ணீர் கேட்கும் செடிகள் ஒரே வால்வில் இருக்கின்றனவா, பின்னோட்டத் தடுப்பான் எங்கே, தோட்டத்துக்குத் தனி மீட்டர் உண்டா. இவை ஒரு தாளில் அடங்கும். அனுமதியை இழுத்தடிக்கவும் இதில் ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக, நிறைவுச் சான்றிதழுக்கு முன் வெளியாள் ஒருவர் வந்து கிண்ணம் வைத்துப் பார்க்கட்டும். மண்ணைக் கட்டடம் முடிந்தபின் சோதிக்கட்டும். பதித்தது பதித்தபடி வரைந்த படமும், நட்ட புதிதில் ஒன்று, வேர் பிடித்தபின் ஒன்று என்று இரண்டு நேர அட்டவணையும் குடியிருப்போர் கையில் போகட்டும். கட்டுநர் கட்டும் வைப்புத்தொகையில் ஒரு பங்கை முதல் கோடை முடியும்வரை வைத்திருந்து, மரங்கள் நிற்கின்றனவா என்று பார்த்துத் திருப்பிக் கொடுக்கட்டும். ஒழுங்காகச் செய்கிறவருக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை. சொல்லப்போனால், விலையைக் குறைத்துக் கேட்டு, தெளிப்பான் எண்ணிக்கையைக் குறைத்துப் பதிக்கிற போட்டியாளரிடம் ஒப்பந்தத்தை இழக்கிற நல்ல ஒப்பந்தக்காரர்களுக்குத்தான் இது முதலில் உதவும். இதில் என் சுயநலமும் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஒன்றே ஒன்று. கடிதத்தை வெளியிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் ஒரு கட்டுநரிடம் அழுத்தச் சீராக்கிக்காக வாதாடப் போக வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தோட்டப் பாசன வடிவமைப்பாளர் ஒருவர்